புதிய முகாமின் விதிகள்

அணங்குக்கும் விலங்குக்கும் கள்வருக்கும் வேந்தருக்கும் அஞ்சுவது மக்களின் இயல்பு. ஜெயபாய் அஞ்சியது ஒரு தாளுக்கு. கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை முற்பகலில், நெய்யூருக்கு மேற்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் அவளுடைய வீட்டுக்கு அந்தத் தாள் வந்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது.

கொண்டுவந்தவன் ஸ்டெனி. திருச்சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவன். வளைகுடாவில் எட்டு ஆண்டு வேலைபார்த்துத் திரும்பி, திங்கள்சந்தையில் விசாவும் விமானச்சீட்டும் எடுத்துத் தரும் கடை நடத்துகிறான். ஜெயபாயின் ஒரே மகள் சுஜிக்குத் தாய்லாந்தில் கணினி வேலை ஏற்பாடு செய்திருந்தவன் அவன்தான். சுஜிக்கு இருபத்தைந்து வயது. பொறியியல் படித்துவிட்டு ஒரு துணிக்கடையில் ரசீது அடித்துக்கொண்டிருந்தாள். வருகிற திங்கட்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து அவளுக்கு விமானம். பாதி நிரம்பிய பெட்டி கட்டிலின்மேல் திறந்து கிடந்தது.

தாளில் இருந்தவை அவள் தங்கப்போகும் விடுதியின் விதிகள். பதினான்கு விதிகளும் ஆங்கிலத்தில் எண்ணிட்டு அச்சாகியிருந்தன. சுஜி ஒவ்வொன்றாகத் தமிழாக்கிப் படித்தாள். காலை ஆறு மணிக்கு எழ வேண்டும். ஈரத்துணியைச் சன்னலில் உலர்த்தக் கூடாது. பெண்கள் தளத்துக்கு ஆண்கள் வரக் கூடாது. உணவை வீணாக்கக் கூடாது. ஞாயிறு முற்பகல் அவரவர் வழிபாட்டுக்கு அனுமதி உண்டு. முதல் மூன்று மாதங்களுக்குத் தொலைபேசியில் குரல் அழைப்பு இல்லை. எழுத்துச் செய்தி மட்டும்.

சுஜியின் தந்தை சத்தியராஜ் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளி, அதிகம் பேசாதவர். அவர் தாளை வாங்கி, படிக்கத் தெரியாத ஆங்கிலத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, "கண்டிப்பான எடமாக்கும்" என்றார். அவர் முகத்தில் அன்றுதான் நிம்மதி தெரிந்தது.

நெய்யூர்ப் பக்கத்துச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குக் கண்டிப்பு என்பது பாராட்டுச் சொல். பள்ளியை, விடுதியை, மருத்துவமனையை, பெண்ணெடுக்கும் வீட்டைக்கூட அந்தச் சொல்லால்தான் நிறுப்பார்கள். ஈரத்துணியைச் சன்னலில் போடாதே என்று எழுதி ஒட்டிய இடத்தில் பெண்பிள்ளையைக் கவலையின்றி விடலாம் என்பது அவர்களது துணிபு. மோசம் செய்கிறவன் சலுகைகளை அடுக்குவான்; தடைகளை எழுதித் தர அவனுக்கு என்ன வேலை என்று எண்ணுவார்கள். ஜெயபாயும் அப்படி எண்ணி வளர்ந்தவள்தான்.

அவள் கையில் சாயாத் தட்டு இருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இத எழுதினது யாரு?"

ஸ்டெனி சிரித்தான். "கம்பெனி, மாமி. வேற யாரு எழுதுவா?"

அவள் பின்கட்டுக்குப் போய்க் கிணற்று மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே சுஜி பெட்டியில் எதையோ அமுக்கி வைக்கும் ஓசை கேட்டது. இதேபோன்ற வேறொரு தாளைத் தான் முன்பே அறிந்திருப்பதாக ஜெயபாய்க்குத் தோன்றியது. அதை அவள் கண்ணால் கண்டதில்லை. கண்டவர்கள் எவரும் உயிரோடு இல்லை.

ஜெயபாய்க்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. இளமையில் உதவிச் செவிலியாகப் பயின்று, நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைக்கவும் புண் கழுவவும் இரவு முழுவதும் விழித்திருக்கவும் கற்றவள். சத்தியராஜ் முதுகெலும்பு பிசகி ஓராண்டு படுத்துவிட்டபோது, ஒன்பது வயது மகளை அவரிடமே விட்டுவிட்டு, இஸ்ரேல் நாட்டின் ஹைஃபா நகருக்கு முதியோரைப் பேணும் வேலைக்குப் போனாள். 2009இல் போனவள் 2018இல் திரும்பினாள். அந்த ஒன்பது ஆண்டுகளும் அவள் பேணியது ஒருவரைத்தான். ஹெர்ட்டா என்பது அந்த அம்மையாரின் பெயர். தனித்து வாழ்ந்தவர்; தொண்ணூற்றிரண்டாம் வயதில் ஜெயபாயின் கையைப் பிடித்தபடி இறந்தார்.

ஹெர்ட்டாவிடம் சில பழக்கங்கள் இருந்தன. சன்னலில்லாத வண்டியில் ஏறமாட்டார். மருத்துவமனைக்குப் போக ஆம்புலன்ஸ் வந்தால் ஓட்டுநரின் பக்கத்து இருக்கையில்தான் அமர்வார். எந்த அறிவிப்பைக் கண்டாலும் நின்று முழுவதும் படிப்பார். படித்து முடித்ததும் இதை எழுதியது யார் என்று கேட்பார். முதுமையின் பிடிவாதம் என்றுதான் ஜெயபாய் முதலில் நினைத்திருந்தாள்.

மூன்றாம் ஆண்டில் ஒருநாள், குடியிருப்பின் மின்தூக்கியில் யாரோ ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். குழாய் மாற்றும் பணி நடக்கவிருப்பதால் குடியிருப்போர் எவ்வாறு ஒத்துழைக்க வேண்டும் என்று பணிவான சொற்களில் ஆறு விதிகள். ஹெர்ட்டா அதைக் கிழித்தெடுத்து வந்து சமையலறை மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். பிறகு பேசத் தொடங்கினார். இருவருக்குமே தாய்மொழியல்லாத எபிரேயத்தில், கறிகாய் நறுக்கும்போதும் குளிப்பாட்டும்போதும், பல நாட்களில் துண்டு துண்டாகச் சொன்னது இது.

1939ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வியன்னா நகரத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் உயிருக்கு அஞ்சிப் புறப்பட்டார்கள். டானூப் ஆற்றுவழியே கருங்கடலை அடைந்து, அங்கிருந்து பாலஸ்தீனத்துக்குக் கப்பலேற வேண்டும் என்பது ஏற்பாடு. ஹெர்ட்டாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. தந்தை, தாய் ரோசா, தம்பி பவுல் என நால்வர். கடலில் நிற்க வேண்டிய கப்பல் வரவில்லை. கப்பல் இல்லாதவர்களை உள்ளே விட ஆற்றின் அடுத்த நாடு இசையவில்லை. பனிக்காலம் வந்து ஆறு உறைந்தது. யூகோஸ்லாவியாவில் கிளாடோவோ என்ற சிறு துறையில், மூன்று ஆற்றுப் படகுகளில் நெருக்கியடித்துக்கொண்டு அத்தனை பேரும் காத்துக் கிடந்தார்கள். பின்னர் அவர்களை ஷாபாட்ஸ் என்ற ஊருக்கு மாற்றினார்கள். அங்கும் காத்திருப்புத்தான். இப்படி ஓராண்டுக்கும் மேல் கழிந்தது.

1941 மார்ச்சில் ஏறத்தாழ இருநூறு பேருக்கு மட்டும், பெரும்பாலும் வளரிளம் பிள்ளைகளுக்கு, பாலஸ்தீனம் செல்லும் சான்று கிடைத்தது. பட்டியலில் ஹெர்ட்டாவின் பெயர் இருந்தது. பவுல் மிகச் சிறியவன். தாய் வயது கடந்தவர். அடுத்த பட்டியலில் நாங்கள் வருகிறோம் என்று தாய் ரயிலடியில் சொன்னார். மூன்று வாரங்களில் ஜெர்மானியப் படை அந்த நாட்டுக்குள் புகுந்தது. அக்டோபரில் ஹெர்ட்டாவின் தந்தை உள்ளிட்ட ஆண்களை ஆற்றங்கரை வயலொன்றுக்குக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். ஜனவரியில் பெண்களையும் குழந்தைகளையும் உறைபனியில் நடத்திச் சென்று, பெல்கிரேடு நகரத்துக்கு எதிர்க்கரையில் பழைய பொருட்காட்சி மைதானத்தில் அமைத்த முகாமில் அடைத்தார்கள். நடக்கும்போதே கைக்குழந்தைகள் உறைந்து இறந்தன.

அதன்பின் வசந்தம் வந்தது. முகாமில் ஓர் அறிவிப்பும் வந்தது. உங்களை இதைவிட நல்ல வேறொரு முகாமுக்கு மாற்றப்போகிறோம் என்றது அது. அப்படி ஒரு முகாம் எங்கும் இல்லை. ஆயினும் மக்கள் நம்ப வேண்டும் என்பதற்காக, இல்லாத முகாமுக்கு விதிகளை எழுதி எல்லாரும் அறியச் செய்தான் முகாம் தலைவன். பெண்கள் தாமே முன்வந்து பெயர் கொடுத்தார்கள். ஞாயிறு தவிர நாள்தோறும் மூடிய பெரிய வண்டியொன்று வந்தது. மூட்டை முடிச்சுகளை ஏற்ற வேறொரு லாரி. ஓட்டுநர்களில் ஒருவன் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தான். பாலத்தைக் கடந்ததும் வண்டி சிறிது நேரம் நிற்கும். ஒருவன் இறங்கி, புகைபோக்கிக் குழாயை வண்டியின் உட்புறத்தோடு இணைப்பான். பிறகு வண்டி நகரத்தின் நடுத்தெருக்கள் வழியே ஓடும். குழி தோண்டியிருந்த இடத்தை அடையும்போது உள்ளே ஒருவருக்கும் உயிர் இருக்காது. மார்ச்சு முதல் மே வரை இது நடந்தது. அந்த முகாமில் கொல்லப்பட்ட பல்லாயிரம் பேரில் ரோசாவும் பவுலும் இருவர்.

போர் முடிந்து இருபதாண்டுகளுக்கும் பிறகு, அந்த முகாம் தலைவன்மேல் நடந்த வழக்கைப் பற்றிய செய்தித்தாளில்தான் ஹெர்ட்டா இவற்றையெல்லாம் அறிந்தார். கொலையை அவர் அழாமல் சொன்னார். வண்டியைச் சொல்லும்போதும் குரல் உடையவில்லை. தாளைப் பற்றிச் சொல்லும்போதுதான் நிறுத்தினார்.

"அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மா அதை இரண்டு முறை படித்திருப்பாள். அவளுக்கு ஒழுங்கு பிடிக்கும். படித்துவிட்டு நிம்மதியாகப் பவுலின் காலுறையைத் துவைத்துப் போட்டிருப்பாள்."

பவுல் என்ற பெயர் ஜெயபாயின் ஊரில் தெருவுக்கு இருவருக்கு உண்டு. அவளுடைய சொந்தத் தம்பிக்கும் அதே பெயர். துவைத்த காலுறையை அவளால் பார்க்க முடிந்தது. அன்றிலிருந்து ஹைஃபாவில் எந்த அறிவிப்பையும் அவளும் நின்று படித்தாள்.

கிணற்றடிக்குச் சுஜி தேடி வந்தாள். ஜெயபாய் தன் அச்சத்தைச் சொல்ல முயன்றாள். பல்லாயிரம் பேரின் சாவை எடுத்துத் தன் மகளின் பயணப்பெட்டிமேல் வைப்பது முறையாகாது என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. ஆகவே வார்த்தைகள் தடுமாறின. ஹெர்ட்டாவின் கதை சுஜிக்குப் புதிதன்று. தாய் திரும்பி வந்த புதிதில் அதைக் கேட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தவள்தான். ஆனால் ஹெர்ட்டா என்ற பெயரில் அவளுக்கு வேறொரு காயமும் இருந்தது. ஒன்பது ஆண்டுகள் தன் தாயை வைத்துக்கொண்டிருந்த பெயர் அது.

"எம்மா, அது ஹிட்லருக்க காலம். இது எச்.ஆர். அனுப்பின பேப்பர்" என்றாள். "பேப்பரக் கண்டா ஒனக்குப் பேடி, பயம். நாளைக்குச் சபையில நோட்டீசு குடுத்தாலும் கிணத்தடியில வந்து நிப்பியா?"

சுஜி அதோடு நிறுத்தவில்லை.

"என்னைய விட்டுட்டு நீ ஒம்பது வருசம் போனியே. அப்போ ஒனக்குப் பேடி இல்லியா?"

ஜெயபாய் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டாள். முன்னே அங்கே போனவர்களில் ஒருவர் வாய் திறந்து நல்ல இடம் என்று சொல்லட்டும். அதன்பிறகு தான் ஒரு சொல்லும் பேசுவதில்லை என்றாள். சுஜி தோளைக் குலுக்கிக்கொண்டு ஒப்புக்கொண்டாள். மறுநாள் ஸ்டெனியும் முகம் சுளிக்காமல் ஒரு பெயரைத் தந்தான்: மகேஷ்குமார். இரண்டு மாதத்துக்கு முன் அவன் அனுப்பி வைத்த பையன். குளச்சல் சாலையில் மளிகைக்கடை வைத்திருக்கும் முத்துக்கனியின் மகன். அவனோடு இப்போது பேச முடியாது, எழுத்துச் செய்தி மட்டும்தான் என்பதால், தாயைப் போய்ப் பார்க்கும்படி சொன்னான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜெயபாய் அந்தக் கடையின் முன் பேருந்திலிருந்து இறங்கினாள். மழை மறுபடியும் பிடித்திருந்தது. சாலையோரத்து ஓடையில் செந்நீர் சுழித்து ஓடியது. கடை வாசலில் ஏத்தன் வாழைக்குலைகள் தொங்கின. நெற்றியில் வெள்ளை நாமம் இட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்ணொருத்தி அரிசி மூட்டைகளை நனையாமல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். அவள்தான் முத்துக்கனி. அய்யாவழிக் குடும்பம். கணவன் இறந்தபின் கடையையும் மகனையும் ஒருத்தியாகவே பார்த்துக்கொண்டவள்.

வந்த காரியத்தைக் கேட்டதும் முத்துக்கனியின் முகம் மலர்ந்தது. ஜெயபாயை உள்ளே இருத்தி, ஒரு பழத்தை உரித்தே கையில் கொடுத்தாள். சுஜி போகிற செய்தியை ஸ்டெனி சொல்லியிருப்பதாகவும், காலையில் எழுந்ததும் அதை மகனுக்கு எழுதிவிட்டதாகவும் சொன்னாள். கண்டிப்பான இடம், வேலை நேரத்தில் பேசக் கூடாது, ஆனால் தவறாமல் நாள்தோறும் எழுதுகிறான், வேளாவேளைக்கு உணவு கிடைக்கிறது. கேட்கக் கேட்க ஜெயபாய் அவளை நம்பினாள். தன் அச்சம் வீண் என்று வெட்கப்படவும் அவள் ஆயத்தமானாள்.

முத்துக்கனி அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கொதிநீரில் போட்டுச் செந்நிறமாக்கிக் குடிக்கும் பதிமுகப் பட்டை.

"இத ஒங்க மொவகிட்ட குடுத்து விடணும் அக்கா. போன வருசம் அவனுக்குச் சிறுநீரகத்துல கல்லு. நெறைய வெள்ளம் குடிக்கச் சொல்லியிருக்கு டாக்டரு. அங்க வெள்ளத்துக்குப் பெரிய கஷ்டமாம். மழையே கிடையாதாம்."

"யாரு சொன்னா?"

"அவன்தான் எழுதினான். இதப் பாருங்க." முந்தானையால் திரையைத் துடைத்துத் தொலைபேசியை நீட்டினாள்.

இந்த மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் வெள்ளம் என்றால் குடிக்கும் நீர். பிற ஊர்த் தமிழர் தண்ணீர் என்பதை இவர்கள் வெள்ளம் என்பார்கள். பிறந்த குழந்தையும் அச்சொல்லைச் சொல்லித்தான் நீர் கேட்கும். பத்து நாட்களுக்கு முன் முத்துக்கனி தட்டுத்தடுமாறி எழுதியிருந்தாள்: "மக்கா அங்க வெள்ளம் எப்படி." அதன்கீழே மறுமொழி இருந்தது.

"இங்கு வெள்ளம் எதுவும் இல்லை அம்மா. இந்தப் பகுதியில் மழை குறைவாகவே உள்ளது. நாங்கள் உயரமான இடத்தில் பாதுகாப்பாக இருக்கிறோம். கவலைப்பட வேண்டாம்."

"மாடியில இருக்கானாம்" என்று முத்துக்கனி விளக்கினாள். "மாடிக்கு வெள்ளம் ஏறாது போல. மோட்டாரு இல்லியோ என்னவோ."

ஜெயபாய் அதை மூன்று முறை படித்தாள். எழுத்துகளில் பிழை இல்லை. புள்ளிகள் உரிய இடத்தில் இருந்தன. எழுதியவன் மழைப்பெருக்கைப் பற்றி ஒரு தாய் கேட்கிறாள் என்று எண்ணி, அதற்குப் பொருத்தமான ஆறுதலைச் சொல்லியிருக்கிறான். எங்கோ ஓர் அறையில் இருந்துகொண்டு இவளுடைய எழுத்தைப் படிக்கிறவன், இந்தச் சாலையில் பிறந்தவன் அல்லன். இந்தக் கடையில் நின்று ஒரு நாளாவது வெள்ளம் கேட்டுக் குடித்தவன் அல்லன்.

அவள் திரையை மேலே தள்ளினாள். "அம்மா, நீங்கள் உணவு உண்டீர்களா?" "அம்மா, தங்குமிடம் தூய்மையாக உள்ளது." "அம்மா, விதிகள் நம் நன்மைக்காகவே."

"பிள்ளைக்கு இப்போ என்ன மரியாத, பாத்தியளா" என்றாள் முத்துக்கனி. "இஞ்ச இருந்தப்போ ஒருநாளு அம்மான்னு கூப்பிட்டிருப்பானா? எம்மோ தின்னியான்னு தெருவுல நின்னு கூவுவான். நாலு சனத்தோட பழகினா பிள்ளைய மாறத்தானே செய்யும்."

தங்கள் பேச்சைக் கேட்டுப் பிற ஊரார் சிரிப்பதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஊர் இது. மகன் திருத்தமான தமிழில் எழுதுவது முத்துக்கனிக்கு முன்னேற்றமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஜெயபாய் ஹெர்ட்டாவை நினைத்தாள். அந்த ஆற்றங்கரை முகாமில் முதல் நாள் வண்டியேறிப் போனவர்களிடமிருந்து எஞ்சியவர்களுக்கு ஒரு சொல்லும் திரும்பி வரவில்லை. வந்திருந்தால் இரண்டாம் நாள் எத்தனை பேர் பெயர் கொடுத்திருப்பார்கள்? இங்கே ஒரு சொல் வந்திருந்தது. அதைப் பெற்றவள் அதற்காகப் பட்டை பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

அவள் வாசலுக்கு வந்து சுஜியை அழைத்து, உடனே வரும்படி சொன்னாள். ஏன் என்று சுஜி கேட்டபோது, ஒன்றைப் படிக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். குரலில் என்ன இருந்ததோ, சுஜி வேறெதுவும் கேட்கவில்லை. அரைமணி நேரத்தில் மழைச்சட்டையோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

சுஜி நின்றபடியே படித்தாள். முதலில் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. உயரமான இடம் என்ற இடத்தில் அது நின்றுபோனது. செய்திகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். அக்டோபர் பதினொன்று வரை எல்லாம் குரல் பதிவுகள். அவற்றில் கடைசியானதை ஒலிக்கவிட்டாள். "எம்மோ, எறங்கிட்டேன். வண்டி வந்திருக்கு. பொறவு விளிக்கேன், கேட்டியா" என்றது ஓர் இளைஞனின் துள்ளலான குரல். அதற்குப் பிறகு குரலே இல்லை. மறுநாளிலிருந்து திருத்தமான தமிழ்.

"என்னட்டி பாக்குதே?" என்றாள் முத்துக்கனி. இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்க மொவனுக்கு என்ன?"

சொல்ல வேண்டியவள் ஜெயபாய்தான். தன் மகளைக் காத்துக்கொண்டு பேசாமல் பேருந்தேறிப் போய்விடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்ததை அவள் பின்னாளில் மறைக்கவில்லை. அவள் முத்துக்கனியின் அருகில் அரிசி மூட்டைமேல் அமர்ந்து, வெள்ளம் என்ற ஒரு சொல்லை மட்டும் காட்டி, மெல்ல எடுத்துரைத்தாள். இதை எழுதினவன் வெள்ளத்தை மழைப்பெருக்கு என்று நினைத்திருக்கிறான். உங்கள் மகன் அப்படி நினைப்பானா?

முத்துக்கனி கேட்கவில்லை, கொதித்தாள். பிள்ளை நல்ல நிலைக்கு வந்தது கண்டு பொறாமை என்றாள். உங்கள் மகளை அனுப்ப மனமில்லையென்றால் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், என் மகனைப் பொய்யனாக்க வேண்டாம் என்றாள். "பெத்தவளுக்குத் தெரியாதா எனக்க மொவன?" என்று சொல்லிக்கொண்டே, அதை மெய்ப்பிக்கத் தொலைபேசியைப் பிடுங்கி அழைத்தாள். இரண்டாம் மணியில் அழைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி அழைத்தாள். மறுபடியும் துண்டிப்பு. பின் ஒரு செய்தி வந்தது.

"அம்மா, விதிமுறைப்படி குரல் அழைப்புக்கு அனுமதி இல்லை. தயவுசெய்து விதிகளை மதிக்கவும்."

முத்துக்கனி அதை வாய்விட்டுப் படித்தாள். மதிக்கவும் என்ற சொல்லை இரண்டாம் முறை படித்தாள். கோபம் அவள் முகத்திலிருந்து வடிவதை அவர்கள் கண்டார்கள். பிறகு அந்த இடத்தில் வந்தது வேறு. அவள் கடைக்கு வெளியே, மழை விழும் சாலையைப் பார்த்தாள்; தெருவில் நின்று யாரோ தன்னைக் கூவியதுபோல.

சுஜி ஸ்டெனியை வரவழைத்தாள். அவன் வந்து, நிறுவனத்தின் விதி அப்படித்தான் என்று தொடங்கினான். சுஜி செய்தியைக் காட்டினாள். அவனும் இந்த மண்ணில் பிறந்தவன். "நம்ம ஆளு இப்படி எழுதமாட்டான்" என்றான் மெதுவாக. யாரிடமிருந்து அந்தத் தாள் வந்தது என்று ஜெயபாய் இரண்டாம் முறையாகக் கேட்டாள். சென்னையில் ஒருவர் என்றான். அவரைப் பார்த்ததுண்டா? இல்லை. தொலைபேசி எண்ணும் குரலும்தான். ஞாயிறு ஆராதனைக்கு அனுமதி என்று எழுதியிருந்ததைக் கண்டு நம்பிவிட்டதாகச் சொன்னான். இதுவரை மூன்று பேரை அனுப்பியிருந்தான். மற்ற இருவரின் வீடுகளுக்கும் இப்போதே போகிறேன் என்று எழுந்தவன், எழுந்தபடியே நின்றான். அவர்களிடம் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அப்போது முத்துக்கனியின் கையில் தொலைபேசி மறுபடி அதிர்ந்தது.

"அம்மா, சுஜி அவர்கள் திங்கட்கிழமை புறப்படுவது உறுதிதானே?"

நால்வரும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் தொடவில்லை. தன் பெயர் அங்கே அச்சுப்போல் தெளிவாக, மரியாதையோடு எழுதப்பட்டிருப்பதைக் கண்ட சுஜி, நனைந்த மழைச்சட்டையைக் கழுத்துவரை இழுத்து மூடிக்கொண்டாள். போகவில்லை என்று அவள் வாயால் சொல்லவில்லை. தாயின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். அந்தப் பிடி வலித்தது. ஜெயபாய் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

சுஜி இனி அந்தத் தாளின் கைக்கு எட்டமாட்டாள். ஆனால் அதை வெளிப்படுத்தவும் முடியாத நிலை. இங்கே சந்தேகம் எழுந்துவிட்டது என்று அங்கிருப்பவன் அறிந்தால், அவனுடைய கையில் இருக்கும் மகேஷ்குமாருக்கு என்ன நேரும்? அவன் உயிரோடு இருக்கிறானா என்ற கேள்வியை ஒருவரும் எழுப்பவில்லை. நாகர்கோவிலுக்குப் போய்க் காவல் கண்காணிப்பாளரிடம் நேரில் சொல்ல வேண்டும், தாளையும் தொலைபேசியையும் கொடுக்க வேண்டும் என்றாள் சுஜி. அதுவரை எப்போதும்போல மறுமொழி போய்க்கொண்டே இருக்க வேண்டும். தானே எழுதுவதாகக் கை நீட்டினாள்.

முத்துக்கனி கொடுக்கவில்லை.

"நீ எழுதினா அவனுக்குத் தெரிஞ்சிரும்" என்றாள். "நான்தான் எழுதணும்."

ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தினாள். "வருவா மக்கா. ஒறப்பு." அனுப்பினாள். இரண்டு நீலக் குறிகள் உடனே விழுந்தன. அந்தப் பக்கத்தில் இருப்பவன் காத்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, ஸ்டெனியை மற்ற வீடுகளுக்கு அனுப்பிவிட்டு, மூவரும் நாகர்கோவில் பேருந்தில் ஏறினார்கள். முத்துக்கனி நடுவில் அமர்ந்தாள். தொலைபேசியை மழைக்காக ஒரு நெகிழிப் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். இரணியல் தாண்டும்போது பைக்குள் வெளிச்சம் வந்தது. நெகிழிக்கு அடியில் எழுத்துகள் தெரிந்தன.

"அம்மா, நீங்கள் உணவு உண்டீர்களா?"

முத்துக்கனி காலையிலிருந்து ஒன்றும் தின்றிருக்கவில்லை. பையைப் பிரித்து, விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, யாரென்று அறியாத ஒருவனுக்கு எழுதினாள்: "தின்னேன் மக்கா. நீ தின்னியா?"